நெஞ்சு எக்ஸ்-ரேயில் நிழல் என்றால்: எந்தப் படம், எந்த வரிசையில், எப்படி எடுப்பது

நெஞ்சு எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரியுது" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: டிபியா, புற்றுநோயா? அந்த ஒரு படம் அதற்குப் பதில் சொல்லாது. நிழல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, ஓரம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் படம் காட்டும். அது என்ன நோய் என்பது பெரும்பாலும் சளியிலோ, ஊசி வைத்து எடுக்கும் சதைத் துணுக்கிலோதான் தெரியவரும். படத்தை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கியதால் மாதக்கணக்கில் நாள் போனவர்கள் காவிரி டெல்டா முழுக்க இருக்கிறார்கள். மன்னார்குடி, மயிலாடுதுறை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஃபிலிம் கவரோடு அலைகிறவர்கள், எடுத்ததையே திரும்ப எடுக்காமலும் எடுக்க வேண்டியதை விட்டுவிடாமலும் இருக்கத்தான் இந்த வழிகாட்டி.

முதலில், அந்த எக்ஸ்-ரே சரியாக எடுக்கப்பட்டதா?

நிழல் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு நுரையீரலிலேயே இருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரப் பின்னலோடு வரும் பெண்களுக்குத் தோளுக்கு மேலே பின்னல் விழுந்து, நுரையீரல் உச்சியில் டிபி போலவே வெள்ளைத் திட்டாகத் தெரியும். முடியை உச்சியில் கொண்டை போட்டுவிட்டு எடுக்க வேண்டும். தாயத்து, ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, நெஞ்சில் ஒட்டிய வலி பிளாஸ்திரி எல்லாம் படத்தில் விழும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் நெஞ்சுக்கு மேலே, கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் பயனில்லை, கதிர் முதுகு வழியாகத்தான் நுழைகிறது. முதுகில் பெரிய மரு இருந்தால் படம் எடுப்பவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். நுரையீரலின் கீழ்ப்பாதியில் வட்டமாக, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் புள்ளி தெரிந்தால் அது முலைக்காம்பாக இருக்கலாம். காம்பின் மேல் சிறிய உலோகக் குறி ஒட்டி மறுபடி ஒரு படம் எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படத்தின் தரத்தை வீட்டாரே ஓரளவு பார்க்கலாம். நின்றபடி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, சுமார் 180 செ.மீ. தூரத்திலிருந்து எடுப்பதுதான் முறை. கையை இடுப்பில் வைத்து முழங்கையை முன்னால் தள்ளினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்திருந்தால் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்பு 9 அல்லது 10 எண்ணலாம். 7, 8தான் வருகிறது என்றால் அரை மூச்சுப் படம். அதில் அடிப்பகுதி நசுங்கி நிமோனியா போலத் தெரியும். இரண்டு கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனையும் நடுமுதுகெலும்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார், ஒரு பக்கம் வீணாகக் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் இருக்கும். படுக்கையில் வைத்து எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நல்ல படத்துக்கும் எல்லை உண்டு. 1 செ.மீ.க்கும் சிறிய கட்டி எக்ஸ்-ரேயில் தெரியாமலே போகலாம். கழுத்துப்பட்டை எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குப் பின்னால், மூச்சுக்குழாய் நுழையும் நடுப்பகுதியில், உதரவிதானத்தின் சரிவுக்குக் கீழே ஒளிந்திருப்பதை அனுபவசாலிகளும் தவறவிடுவார்கள். சளியில் ரத்தம் வருகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, பல வருடம் பீடி சிகரெட் பிடித்தவர் என்றால், "எக்ஸ்-ரே நார்மல்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடக் கூடாது.

பழைய படம்: பணம் செலவில்லாத சோதனை

புது ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன் பீரோவைத் திறந்து பாருங்கள். கண் ஆபரேஷனுக்கு, வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலுக்கு, இன்சூரன்ஸுக்கு எடுத்த எந்த நெஞ்சுப் படமும் உதவும். எல்லாவற்றையும்விட மதிப்பானது 2020, 2021 கொரோனா சமயத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன். அப்போது காய்ச்சலுக்காக எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் அதே அளவில் அதே புள்ளி இருந்தால் பாதிக் கவலை அங்கேயே குறைந்துவிடும். முழுதும் கெட்டியான புள்ளி ஒன்று 2 வருடம் அளவு மாறாமல் இருந்தால் அது தீங்கற்றது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். பனிமூட்டம் போல மங்கலாகத் தெரியும் புள்ளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது மிக மெதுவாக வளரக்கூடியது, 5 வருடம் வரை பார்க்க வேண்டும்.

அளவை ஒப்பிடும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். உருண்டையின் விட்டம் 26 சதவீதம் கூடினாலே அதன் கன அளவு இரண்டு மடங்காகிவிடும். 10 மி.மீ. புள்ளி 12.6 மி.மீ. ஆனால் "இரண்டு மில்லிமீட்டர்தானே" என்று தள்ளக் கூடாது. மறுபக்கம், 5 மி.மீ. புள்ளி 6 ஆனது போலத் தெரிவது அளந்த விதத்தின் வித்தியாசமாகவும் இருக்கலாம்.

படத்தை வைத்துக் காப்பாற்றுவதும் முக்கியம். இப்போது வரும் ஃபிலிம் பலவும் வெப்பத்தில் பதிவாகும் வகை. வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடி ஓரம் வைத்தால் கறுத்துவிடும், லேமினேஷன் போட்டால் முழுப் படமும் போய்விடும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, நடுவில் தாள் வைத்து நிமிர்த்தி வையுங்கள்.

சி.டி.க்கு முன் சளி

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்து மேல்பகுதியில் நிழல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் இலவசமாகப் பார்க்கிறார்கள். டிபி கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் மருந்து அதற்கு வேலை செய்யுமா என்பதும் தெரிந்துவிடும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். 2 முதல் 5 மி.லி. கெட்டிச் சளி போதும். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "டிபி இல்லை" என்று முடிவு வாங்குவதில் அர்த்தம் இல்லை.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. மருந்துக்கடையில் இருமலுக்கு என்று லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது. அந்த மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் குறையும், சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். சளி கொடுப்பதற்கு முன் அதைத் தொடாதீர்கள்.

டிபி போலவே படத்தில் தெரியும் இரண்டு நோயை இந்த மண்ணில் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஒன்று மெலியாய்டோசிஸ். சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா. மழைக்காலத்தில் வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும். நுரையீரல் மேல்பகுதியில் திட்டு, குழி, சீழ்க்கட்டி எல்லாம் வரும். சளியில் டிபி கிருமி வராது, டிபி மாத்திரை கேட்காது. ரத்தத்தையும் சளியையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும், "வயல் வேலை, சர்க்கரை இருக்கு" என்று சொல்லியே அனுப்ப வேண்டும். மற்றொன்று, யானைக்கால் நோய்க்கு ஒரு காலத்தில் பேர்போன கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் மறக்கக் கூடாத, யானைக்கால் புழுவால் நுரையீரலில் வரும் ஈசினோஃபிலியா. ராத்திரி இருமலும் இளைப்பும், இரண்டு நுரையீரலிலும் தூவியது போலப் பொடிப் புள்ளிகளும் இருக்கும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 3,000க்கு மேல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றில் வழி திறந்துவிடும், சி.டி. தேவைப்படாமலே போகலாம்.

திடீர்க் காய்ச்சல், சளி, நெஞ்சுவலியோடு வந்த திட்டு என்றால் நிமோனியா என்று மருந்து கொடுப்பார்கள். நன்றாகிவிட்டது என்று அத்தோடு நிறுத்த வேண்டாம். 6 முதல் 8 வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்-ரே எடுங்கள், 50 வயது தாண்டியவர்களும் புகைபிடிப்பவர்களும் கட்டாயம். மூச்சுக்குழாயை அடைத்த கட்டிக்குப் பின்னால் நிமோனியா வருவது உண்டு. திட்டு கரையாமல் அங்கேயே நின்றால் அதுதான் அறிகுறி.

சி.டி.: எதைக் கேட்டு எடுப்பது

"எச்.ஆர்.சி.டி. எடுத்துட்டு வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பழைய முறையில் அது இடைவெளி விட்டு விட்டு எடுப்பது. நடுவே சின்னக் கட்டி தப்பிவிடும். உங்களுக்கு வேண்டியது உச்சி முதல் அடி வரை இடைவெளியே இல்லாமல், 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் எடுத்த வெட்டுகள். 5 மி.மீ. தடிமனில் எடுத்தால் கட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்பும் கொழுப்பும் கலங்கிவிடும், மங்கல் புள்ளி கெட்டிப் புள்ளி போலத் தெரியும். புற்றுநோய் சந்தேகம் இருந்தால் கல்லீரலின் மேல்பகுதியும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியும் வரும்படி கீழே இறக்கி எடுக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் இன்னொரு ஸ்கேன்.

ரத்தக்குழாயும் கட்டியும் தெளிவாகத் தெரிய நரம்பில் போடும் ஊசி மருந்து தேவையா என்பது எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சிறு புள்ளியைப் பின்தொடர அது வேண்டாம். நடுநெஞ்சில் நெறிக்கட்டி, 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, ரத்தக்குழாயோடு ஒட்டியது, இருமலில் நிறைய ரத்தம் என்றால் வேண்டும். முன்கூட்டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் சரியாக இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை; சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் ஜி.எஃப்.ஆர்.) 30க்குக் கீழே இருந்தால் ஸ்கேன் முடிந்து 48 மணி நேரம் நிறுத்தி, சோதித்த பிறகு தொடங்குவார்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி: இறால் ஒத்துக்கொள்ளாதவர் இந்த ஊசி போடலாமா? இறால் அலர்ஜிக்கும் இந்த மருந்தில் உள்ள அயோடினுக்கும் தொடர்பில்லை. எந்த அலர்ஜி என்றாலும் சொல்லிவிடுங்கள், ஆனால் மீன் இறாலுக்காக ஸ்கேனை விட்டுவிட வேண்டாம். முன்பு இதே ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தவர்கள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள்.

மருந்து 60 முதல் 100 மி.லி. வரை வேகமாகப் போகும், அதனால் முழங்கை மடிப்பில் நல்ல நரம்பில் ஊசி இருக்க வேண்டும். உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் கழிந்துவிட்டது போலத் தோன்றும். அரை நிமிடத்தில் அடங்கும். ஊசி போட்ட இடத்தில் வீங்கி எரிந்தால் உடனே சத்தம் போடுங்கள், மருந்து நரம்புக்கு வெளியே கசிகிறது.

படம் கெடுவதற்கு முதல் காரணம் மூச்சு. 10 நொடி மூச்சைப் பிடிக்க வீட்டிலேயே நான்கைந்து முறை பழகிவிட்டுப் போங்கள். இழுப்பு உள்ளவர் தன் மருந்தை முன்பே இழுத்துக்கொள்ளலாம். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி வைக்க முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

பழைய டிபி குழிக்குள் உருண்டை தெரிந்து, சுற்றிலும் பிறை போலக் காற்று இருந்தால் அது பூஞ்சை உருண்டையாக இருக்கலாம். குப்புறப் படுக்க வைத்து இன்னும் சில வெட்டுகள் எடுத்தால் உருண்டை இடம் மாறும். ஒட்டியிருக்கும் கட்டி மாறாது. கேட்டு வாங்க வேண்டிய படம் இது.

கதிர்வீச்சு பற்றிய பயம் நியாயமானதே. சாதாரண நெஞ்சு எக்ஸ்-ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. சாதாரண நெஞ்சு சி.டி. 5 முதல் 7, குறைந்த அளவில் எடுப்பது சுமார் 1.5. இயற்கையிலிருந்தே ஒருவருக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 வந்துகொண்டிருக்கிறது. ஆகவே பின்தொடரும் ஸ்கேன்களைக் குறைந்த அளவில் எடுக்கச் சொல்வது பயனுள்ள கோரிக்கை. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள பெண்கள் மாதவிலக்குத் தேதியை முதலிலேயே சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது ஃபிலிமோடு திருப்தியடையாமல் சி.டி. தட்டு அல்லது பென்டிரைவில் டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் முழு ஸ்கேனும் வாங்குங்கள். நூற்றுக்கணக்கான வெட்டுகளில் சிலதைத்தான் ஃபிலிமில் போடுகிறார்கள். டியூப் லைட்டில் பிடித்து மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து 6 மி.மீ. புள்ளியைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

3 செ.மீ. வரை உருண்டையாக இருப்பது நாட்யூல், அதற்கு மேல் மாஸ். ஓரம் வழவழப்பாக இருப்பது கொஞ்சம் ஆறுதல். முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் கூடும். உள்ளே நடுவில் அல்லது முழுக்கச் சுண்ணாம்பு, அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு, சோளப்பொரி வடிவச் சுண்ணாம்பு இருந்தால் பெரும்பாலும் பழைய ஆறிய தழும்போ தீங்கற்ற கட்டியோதான். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அந்த ஆறுதல் இல்லை. கொழுப்பு தெரிந்தால், அதாவது சி.டி.யின் அடர்த்தி அளவுகோலில் (எச்.யு.) மைனஸ் 40 முதல் மைனஸ் 120 வரை இருந்தால், ஹமார்ட்டோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரல் மடிப்புக் கோட்டை ஒட்டி முக்கோணமாக இருக்கும் சின்னப் புள்ளி பெரும்பாலும் நிணநீர் முடிச்சு.

அளவை வைத்து என்ன செய்வது என்பதற்கு நெஞ்சுப் பட நிபுணர்களின் ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிமுறையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட, முன்பு புற்றுநோய் இல்லாத, எதிர்ப்பு சக்தி குறையாதவர்களுக்கானது அது. தனியாக இருக்கும் கெட்டிப் புள்ளி 6 மி.மீ.க்குக் கீழே என்றால், அபாயம் குறைந்தவருக்கு மேற்கொண்டு எதுவும் வேண்டாம். புகைபிடிப்பவருக்கு 12 மாதத்தில் ஒரு சி.டி. பார்க்கலாம். 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில். 8 மி.மீ.க்கு மேல் என்றால் 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன், அல்லது சதை எடுத்துப் பார்ப்பது. டிபி இவ்வளவு பரவலாக உள்ள நம் ஊரில் ஆறிய டிபித் தழும்பே பல புள்ளிகளுக்குக் காரணம் என்பதையும் டாக்டர் சேர்த்து எடைபோடுவார்.

பெட்-சி.டி. பற்றி ஒரு எச்சரிக்கை

"உடம்பு முழுக்கப் பார்த்துவிடலாம்" என்று செலவு செய்து எடுக்கும் இந்த ஸ்கேனைச் சிலர் இறுதித் தீர்ப்பாக நினைக்கிறார்கள். கதிரியக்கச் சர்க்கரையை எந்த இடம் அதிகமாக இழுக்கிறது என்பதைத்தான் அது காட்டும். புற்றுநோயும் இழுக்கும், உயிரோடிருக்கும் டிபியும் அதே அளவு இழுக்கும், பூஞ்சையும் இழுக்கும். 8 மி.மீ.க்குச் சிறியதும், பனிமூட்டப் புள்ளியும், கார்சினாய்டு வகைக் கட்டியும் இழுக்காமலே போகலாம். எனவே இங்கே பெட் ஒளிர்ந்தால் புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது. எந்த இடத்தில் ஊசி வைத்தால் பலன் கிடைக்கும், நோய் வேறெங்கு பரவியிருக்கிறது என்பதைக் காட்டுவதில்தான் அதன் மதிப்பு.

எடுப்பதென்றால் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சர்க்கரை போட்ட காபி ஒரு வாய் குடித்தாலும் படம் கெடும். ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழே இருக்க வேண்டும். முதல் நாள் வயல் வேலை, நீண்ட நடை வேண்டாம், தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதே காரணத்துக்காக அன்று காலை வெற்றிலையும் மெல்லக் கூடாது. ஊசி போட்ட பிறகு 60 நிமிடம் பேசாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், ஆகவே பஸ் தாமதமானால் அன்றைய முறை போய்விடலாம். தூரத்திலிருந்து வருபவர்கள் முந்தின இரவே போய்த் தங்குங்கள். அன்று முழுக்கக் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகி இருங்கள்.

அல்ட்ராசவுண்டு காற்று நிறைந்த நுரையீரலுக்குள் பார்க்காது. சுற்றியுள்ள நீரைக் கண்டுபிடிக்கவும், நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டியில் ஊசி வைக்கவும் மிக நல்லது, கதிர்வீச்சும் இல்லை. எம்.ஆர்.ஐ. நுரையீரல் உச்சிக் கட்டி கை நரம்பையோ முதுகெலும்பையோ தொடுகிறதா என்று பார்க்கவும், மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும்தான்.

ஊசி வைத்து எடுப்பது

சி.டி. பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி வைப்பது ஓரத்துக் கட்டிக்கு; மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டிக்கும் நடுநெஞ்சு நெறிக்கட்டிக்கும் குழாய் வழிப் பரிசோதனை. ரத்தம் உறையும் அளவான ஐ.என்.ஆர். 1.5க்குக் கீழே, தட்டணுக்கள் 50,000க்கு மேல் வேண்டும். குளோபிடோக்ரல் போன்ற மாத்திரையை வழக்கமாக 5 நாள் முன் நிறுத்துவார்கள்; இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது அடைத்துவிடலாம். நீர்க்கட்டி அல்லது ரத்தக்குழாய் முடிச்சு என்ற சந்தேகம் இருந்தால் அது தீராமல் ஊசி வைக்கக் கூடாது.

எடுத்த துணுக்கை இரண்டு பாட்டிலில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று ஃபார்மலினில், புற்றுநோய் பரிசோதனைக்கு. மற்றொன்று வெறும் சலைனில், டிபி சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும். முழுதும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்கு வழியில்லை, மறுபடி ஒரு ஊசி. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் இரண்டாம் முறை ஊசிக்குப் படுத்தவர்கள் குறைவல்ல.

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவதுதான் இதன் முக்கியத் தொல்லை. பெரும்பாலும் சிறிதாக இருந்து தானே ஆறிவிடும், சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும். குத்திய பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்து, 2 முதல் 4 மணி நேரம் கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள். அன்றிரவு ஊருக்குப் பஸ் ஏறாமல் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுவலி கூடினாலோ, அரை டம்ளர் அளவுக்கு ரத்தம் இருமினாலோ 108-ஐ அழைத்துத் திரும்பிப் போய்விட வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகும்போது ரேஷன் அட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துப்போங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்த அட்டைக்குத் தகுதி உண்டு. எந்தச் சோதனைக்கு அதில் இடமிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

ஊசிப் பரிசோதனையில் "எதுவும் தெரியவில்லை" என்று வந்தால் அது "நோய் இல்லை" என்ற பொருளில்லை, ஊசி தவறிய இடமாகவும் இருக்கலாம். ஸ்கேன் சந்தேகத்தைக் காட்டி ஊசி பதில் தராதபோது மறுபடி எடுப்பதா, 3 மாதம் பார்ப்பதா என்று டாக்டரிடம் நேரே கேளுங்கள். பார்ப்பது என்று முடிவானால் அடுத்த சி.டி.யை முடிந்தவரை அதே மையத்தில், அதே தடிமனில், ஊசி மருந்து இல்லாமல் எடுங்கள். பழைய தட்டையும் கையோடு கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.